நீ எந்தக் கடவுளை இல்லை என்கிறாய்?

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "கடவுள்னு ஒருத்தர் இருந்திருந்தா அப்பாவைக் காப்பாத்தியிருப்பார் சித்தப்பா. காப்பாத்தலை. அப்போ இல்லைன்னுதானே அர்த்தம்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீயும் சரி என்று போனை வைத்துவிட்டாய். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் "எல்லாம் அவன் வைக்கிற சோதனை" என்றபோது உன் முகம் இறுகியதைப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பேச்சு கசந்தது. என் அண்ணன் பட்ட வலியை வேறு யாருக்கோ வைத்த பரீட்சையாக என்னால் எண்ண முடியாது. அந்த ஆறுதலை நீ ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உன் கேள்வி மிகப் பழையது. கிரேக்க ஞானி எபிக்கூரஸ் பெயரில் வழங்கிவருகிறது. துன்பத்தைத் தடுக்க விரும்பியும் முடியவில்லையென்றால் கடவுள் வல்லவர் இல்லை. முடிந்தும் விரும்பவில்லையென்றால் நல்லவர் இல்லை. வல்லவரும் நல்லவரும் என்றால் துன்பம் எங்கிருந்து வந்தது? இதற்கு எழுதப்பட்ட பதில்களில் நான் படித்தவை எதுவும் என் மனத்தை நிறைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எந்தக் கடவுளைச் சாய்க்கிறது என்று பார். உலகத்துக்கு வெளியே இருந்துகொண்டு, மனம் வைத்தால் கை நீட்டி எதையும் மாற்றக்கூடிய ஒருவரைத்தான். நாம் சிறு வயதிலிருந்து அறிந்தது அவரை மட்டும்தான் என்பதால், அவர் போனதும் எல்லாமே போய்விட்டதுபோல் இருக்கிறது.

கடவுளை வேறு விதமாக எண்ணியவர்கள் இருக்கிறார்கள். 1656-இல் ஆம்ஸ்டர்டாமில் ஸ்பினோசா என்ற தத்துவ ஞானியை அவருடைய யூத சமூகம் விலக்கிவைத்தது. அப்போது அவருக்கு வயது 23. பிற்பாடு அவர் எழுதியது இது: கடவுளும் இயற்கையும் ஒன்றே, நீயும் நானும் கல்லும் காற்றும் அந்த ஒன்றின் வெவ்வேறு நிலைகள். முக்கோணத்தின் இயல்பிலிருந்தே அதன் கோணங்களின் கூட்டுத்தொகை வருவதுபோல, கடவுளின் இயல்பிலிருந்து எல்லாம் வருகிறது. இதில் வேண்டிக்கொள்ள யாரும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் யாரும் இல்லை. கடவுளை நேசிப்பவர், கடவுள் தன்னைத் திரும்ப நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்கிறார். அண்ணன் போன முதல் சில இரவுகளில் இந்த எண்ணம்தான் என்னைத் தூங்கவைத்தது. ஆனால் அதில் அழுவதற்கு இடமில்லை. கொஞ்ச நாளில் எனக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது.

சங்கரர் சொல்லும் பிரம்மத்துக்குக் குணமே கிடையாது; அங்கே போனால் உன் கேள்வியில் இருக்கும் 'நல்லவர்', 'வல்லவர்' இரண்டும் உதிர்ந்துவிடும். இடைக்கால யூத ஞானி மைமோனிடிஸும் ஏறக்குறைய அங்கேதான் வருகிறார்: கடவுள் எதுவல்ல என்று சொல்லலாமே தவிர, இன்னது என்று சொல்ல முடியாது. இந்தப் பணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் வலியோடு வந்து கேட்கிறவரிடம் இதைச் சொன்னால், கதவைச் சாத்திக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

ராமானுஜரிடம் சற்று நேரம் நின்றேன். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுக்கு உயிர் என்பது அவர் கொள்கை. உன் அப்பா இறைவனின் உடலில் ஒரு பகுதி என்று எண்ணும்போது நெஞ்சு கொஞ்சம் இளகியது. அப்படியானால் அவருக்கு வலித்தபோது அவனுக்கும் வலித்ததா? உடலின் குறை எதுவும் இறைவனைத் தீண்டாது என்கிறார் ராமானுஜர். அந்த இடத்தில் என்னால் அவரோடு மேலே நடக்க முடியவில்லை.

அந்த வலியைக் கடவுளுக்கும் கொடுத்தவர்கள் இருவரைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஒருவர் வைட்ஹெட், கணிதம் படித்துத் தத்துவத்துக்கு வந்த ஆங்கிலேயர். 1918-இல், முதல் உலகப் போரில், விமானியாக இருந்த அவருடைய மகன் கொல்லப்பட்டான். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கடவுள் யாரையும் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. நல்லதை நோக்கி இழுக்க மட்டுமே அவரால் முடியும். நடப்பது எல்லாவற்றையும் அவரும் படுகிறார். 'கூடவே துன்புறும், புரிந்துகொள்ளும் தோழர்' என்பதுபோல வைட்ஹெட் சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் மூடிவைத்தேன்.

இன்னொருவர் ஹான்ஸ் யோனாஸ், யூதத் தத்துவ ஞானி. அவருடைய தாய், நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1984-இல் ஆற்றிய உரை ஒன்றில் அவர் நேராகவே கேட்டார்: அதை நடக்கவிட்ட கடவுள் எப்படிப்பட்டவர்? நன்மையையும், ஓரளவேனும் புரிந்துகொள்ளக்கூடியவர் என்பதையும் வைத்துக்கொண்டு, எல்லாம் வல்லவர் என்பதை மட்டும் கைவிட்டார். உலகம் உண்டாவதற்காகக் கடவுள் தன் வல்லமையைத் துறந்துவிட்டார். அதனால் அவர் காப்பாற்றாமல் இருந்தது விருப்பமில்லாமல் இல்லை, முடியாமல்தான் என்றார். காப்பாற்ற முடியாதவரைக் கடவுள் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். ஆனால் மருத்துவமனையில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நீயும் உட்கார்ந்திருந்தோம் இல்லையா? நம்மாலும் எதையும் மாற்ற முடியவில்லை. அதற்காக நாம் அங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

யோனாஸ் சொன்னது உண்மை என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசையை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். நீ இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. 'உளன் எனில் உளன்' என்று தொடங்கும் நம்மாழ்வார் பாடல், இல்லை என்று சொல்பவரின் சொல்லையும் அதே மூச்சில் அவனுக்குள் சேர்த்துக்கொள்கிறது. உன் 'இல்லை'யை அந்த வரியின் பக்கத்தில் வைத்துத்தான் நான் கேட்கிறேன்.

அப்புறம் ஒன்று. உன் அப்பா தினமும் காலையில் ஜன்னல் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எதுவும் கேக்கிறதில்லடா, சும்மா நிக்கிறேன்" என்றார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டேன். உன்னிடம் எப்போதாவது அதைப் பற்றிச் சொல்லியிருந்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா