பேரலைக் குறை சொல்லாதே, கட்டையைப் பார்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் குழந்தையோடு உங்கள் பக்கமே குடிவந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஆடிக் கூழ் ஊற்றி முடித்தோம். கோயிலில் கூட்டம் குறையவில்லை, பானை தூக்கத்தான் இளவட்டங்களைக் காணோம்.

சரி, உன் துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். டர்பனில் இருந்தவரை ஒழுங்காகச் சுட்டது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியா போன பிறகு நூறு மீட்டரில் மூன்று குண்டு மூன்று திசையில் போகிறது, குண்டு போகும் குழலான பேரலை மாற்றவா, குறிபார்க்கும் ஸ்கோப்பை மாற்றவா என்று கேட்டிருக்கிறாய். காசை மடியிலேயே முடிந்து வை. இரும்பைத் தாங்கும் உன் துப்பாக்கிக் கட்டை கடற்கரை ஈரத்தில் பல வருஷம் ஊறிக் கிடந்த வால்நட் மரம். உங்கள் ஹைவெல்டு மேட்டுநிலத்துக் குளிர்காலத்தில் காற்று எப்படிக் காயும் என்று உன் உதட்டைக் கேட்டாலே சொல்லும். மரம் சுருங்கியிருக்கும், ஸ்குரு தளர்ந்திருக்கும், பேரலின் பின்னால் தோட்டாவைப் பூட்டும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷன் ஒவ்வொரு உதைப்புக்கும் இடம் மாறி உட்காரும். பேரல் என்ன செய்யும் பாவம்!

நீயே பார்த்துவிடலாம். குண்டு இல்லை என்று ரெண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டை வெளியே எடு. கட்டையின் முன்நுனியில் விரலை வை, பாதி பேரல் மேலும் பாதி மரத்தின் மேலும் படவேண்டும். இப்போது முன் ஸ்குருவைத் தளர்த்து, பிறகு இறுக்கு. விரலுக்கடியில் பேரல் எழும்பி இறங்குவது தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காக ஸ்குருவை மூச்சுமுட்ட முறுக்காதே. மரம் நசுங்கும், அடுத்த மழைக்காலத்தில் வேறு கதை ஆரம்பிக்கும்.

நான் தச்சு வேலைக்குப் போகும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் கடையில் போன வாரம் இதே வியாதியோடு ஒரு மௌசர் 98 ரைஃபிள் வந்தது. அந்தக் காலத்தில் இரும்பில் விளக்குக்கரி பூசிக் கட்டையில் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சுரண்டிச் சுரண்டிச் சேர்ப்பார்கள். எனக்கு அந்த வேலை உயிர். ஆனால் மரம் மரம்தானே, எவ்வளவு துல்லியமாகச் செதுக்கினாலும் ஈரத்துக்கு அசையும். அதனால் ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் ரெண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தை எடுத்துவிட்டு, ஸ்குரு போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்து, இரும்புத்தூள் கலந்த எபாக்ஸிப் பசையை ஊற்றினோம்.

இதில் கவனம் முழுவதும் ரீகாயில் லக்கில்தான். ஆக்‌ஷனின் அடியில் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு. உதைப்பு அதன் பின்முகம் வழியாகத்தான் கட்டைக்கு இறங்கும். பின்முகம் எபாக்ஸியோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், முன்னும் பக்கமும் அடியும் ஒட்டவே கூடாது. அந்த மூன்றுக்கும் டேப் ஒட்டிவிட்டால் தேவையான இடைவெளி தானாகக் கிடைக்கும். ஊற்றுவதற்கு முன்பே இரும்பின் ஓட்டை, பள்ளம் எல்லாவற்றிலும் களிமண் மாதிரியான பிளாஸ்டிசீனை அடைத்து, இரும்பு முழுக்க ஷூ பாலிஷைத் தேய்த்தோம். இதில் சோம்பல்பட்டால் ஆக்‌ஷனும் கட்டையும் ஆயுசுக்கும் பிரியாது. இரும்பைக் கட்டையில் இறக்கியதும் எபாக்ஸி இறுகும்வரை ஸ்குருவை முறுக்கவும் கூடாது. பேரல் தன்னைச் சுற்றிய டேப்பின் மேல் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டும். ஓரத்தில் பிதுங்கியதை ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து, மிச்சத்தை வினிகர் துணியால் துடைத்தேன்.

மறுநாள் ரப்பர் சுத்தியலால் பேரலை மெல்லத் தட்டியதும் ‘டக்’கென்று விட்டது. எபாக்ஸி பளபளவென்று இருந்தது. இரும்பின் அடியில் குத்தியிருந்த குட்டி முத்திரைகள்கூட இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தன. பேரல் படுத்திருக்கும் முன்கட்டைப் பள்ளத்தையும் கொஞ்சம் அகலப்படுத்தினேன். பத்து ரேண்டு நோட்டை பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்தால் இப்போது தடையில்லாமல் ஓடுகிறது. கடைக்காரர் ரேஞ்சில் போட்டுப் பார்த்தார், நூறு மீட்டரில் மூன்று குண்டும் 3 சென்டிமீட்டருக்குள். அந்த ரைஃபிளுக்கு அதற்கு மேல் கேட்பது பேராசை.

உன்னுடையதையும் செய்யலாம். ஆனால் என் கையில் நீ சும்மா தந்துவிட்டுப் போக முடியாது. லைசன்ஸோடு நீயே கடைக்கு வா, அவர்கள் ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டால்தான் நான் உளியை எடுப்பேன். என்3 நெடுஞ்சாலையில் லாரி நெரிசல் தெரிந்ததுதானே, விடியற்காலையிலேயே கிளம்பு. தங்கச்சியையும் கூட்டி வா. புரட்டாசி பிறப்பதற்குள் வந்தால் ஆட்டுக்கறி. பிறந்த பிறகு வந்தால் பீன்ஸ் கறியும் ரொட்டியும்தான், அப்புறம் முறைக்காதே.

உன் பழைய கூட்டாளி