எத்தியோப்பியாவிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் வீடியோ காலில் அம்மா முகம் தெரிந்ததோடு சரி, பேச வாயெடுப்பதற்குள் அறுந்துவிட்டது. "இந்தக் காலத்திலும் நெட் இல்லாத நாடா, அங்கே இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதாண்ணே" என்று கேட்டு அனுப்பியிருந்தாய். அது மனதிலேயே கிடக்கிறது. திருச்சிக்கு வரும் நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி.

தெரியாமல் இல்லைடா. போன செவ்வாய்க்கிழமை லேபில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனது. "மெப்ராத் யெல்லம்" என்றான் ஒரு பையன், லைட் இல்லை என்று அர்த்தம். இங்கே வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் அம்ஹாரிக் மொழிச் சொல் இந்த யெல்லம்தான். யாரும் எழுந்து போகவில்லை, எல்லாரும் நோட்டை எடுத்துவிட்டார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் நாற்பது வரி ப்ரோகிராமைப் பேனாவால் எழுதி, வரிவரியாக விரலை நகர்த்தி, எந்த இடத்தில் என்ன மதிப்பு வரும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனாள். லூப் ஒரு தடவை கூடுதலாகச் சுற்றிவிடும் என்று அவளே கண்டுபிடித்து அடித்துத் திருத்தினாள். லேப்டாப் வைத்திருக்கும் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் சொல்லு.

அவள் கிராமத்தில் கரண்டே இல்லை. நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் போகவில்லை. நைலில் கட்டிய அந்தப் பெரிய அணையை 2025இல் திறந்துவிட்டார்கள், ஆனால் மலைமேல் இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பது தனி வேலை. சந்தை நாளில் அவள் அப்பா நடந்து வந்து, சோலார் தகடு வைத்திருக்கும் கடையில் காசு கொடுத்து போனைச் சார்ஜ் போட்டுப் போவாராம். அப்படி ஒரு கடையை நானே பார்த்தேன், பலகை முழுக்க போன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் பேர் எழுதிய காகிதம். அதெல்லாம் பெரும்பாலும் பட்டன் போன். ஸ்மார்ட்போன் எல்லாரும் வாங்குகிற விலையில் இல்லை. 2024 ஜூலையில் இந்த நாட்டு நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள், டாலருக்கு 57 பிர் இருந்தது சில வாரத்திலேயே நூறைத் தாண்டிவிட்டது.

அப்புறம், 1993இல் எரித்திரியா பிரிந்ததும் இந்த நாட்டுக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. கடலடிக் கேபிள் ஜிபூத்தி மாதிரி பக்கத்து நாட்டில் கரையேறி, அங்கிருந்து தரைவழியாக மேட்டுநிலத்துக்கு வரவேண்டும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தொலைத்தொடர்பு 1894இலேயே மெனலிக் மன்னர் காலத்தில் வந்துவிட்ட நாடு இது, ஆனால் 2022 அக்டோபரில் கென்யாவின் சஃபாரிகாம் என்ற தனியார் போன் கம்பெனி வரும்வரை பன்னிரண்டு கோடிப் பேருக்கு அரசு நிறுவனம் ஒன்றுதான். ஒரே கடை இருக்கிற ஊரில் கடைக்காரர் சொன்னதுதான் விலை. நம்ம ஊரில் 2016இல் ஜியோ வந்தபோது டேட்டா விலை எப்படிச் சரிந்தது, நினைத்துப் பார்.

வழி கொடுத்தால் இவர்கள் தயங்குவதே இல்லை. 2021இல் டெலிபிர் என்ற போன் வழிப் பணச் சேவை வந்தது, நெட் இல்லாமல் பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம். எனக்குத் தக்காளி விற்கும் அம்மாவுக்கும் அதிலேயே கொடுக்கிறேன். பாடப் புத்தகங்களை யாராவது ஒருவர் டெலிகிராமில் இறக்கினால் போதும், மெமரி கார்டில் கைமாறி விடுதி முழுக்கப் போய்விடும்.

எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. 2016இல் பிளஸ் டூ மாதிரியான தேர்வின் வினாத்தாள் நெட்டில் கசிந்தது என்று 2017இல் தேர்வு நேரத்தில் நாடு முழுக்க நெட்டை நிறுத்தினார்கள், 2019இலும் அப்படித்தான். வேறு வழி இல்லாமல் இல்லை. 2022 முதல் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களுக்கே பஸ்ஸில் கூட்டிவந்து எழுத வைக்கிறார்களே. 2020 நவம்பரில் சண்டை தொடங்கியதும் வடக்கே இருக்கும் டிக்ரே மாநிலத்தில் போன், நெட் எல்லாம் போயின, அங்கே பெரும்பகுதிக்கு இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். தன் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று மாதக்கணக்கில் தெரியாமல் இருந்தாராம். காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார், நான் என்ன சொல்வதென்று தெரியாமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம அம்மாவோடு ஒரு வீடியோ கால் அறுந்ததற்கே எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, ஒரு வேலை செய். நண்பர் திரும்பி வரும்போது பத்து மெமரி கார்டு வாங்கிக் கொடுத்தனுப்பு, 32 ஜிபி போதும், பிள்ளைகளுக்கு. இங்கே விடிகாலை ஐந்து மணிக்கு நெட் நன்றாக இருக்கிறது, அங்கே அப்போது ஏழரை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காப்பி குடித்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் உட்காரச் சொல், கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்