தேர் வடமும் அபசகுனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி ஆனித் திருவிழா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 2024 ஜூன் 21 அன்று நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்ததை 'அபசகுனம்' என்கிறது. வடம் ஏன் அறுகிறது என்பது தாங்கள் அறியாத விஷயம் அல்ல. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு வருத்துகிறது. சகுனம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். பழி சுவாமியின் தலையில் விழும். அடுத்த ஆனியிலும் கயிற்றைப் பிரித்துப் பார்க்காமலே தேரில் கட்டலாம்.

சுமார் 450 டன் என்று சொல்லப்படும் தேர், வருடம் முழுக்க நிலையில் ஒரே இடத்தில் நிற்கிறது. சக்கரம் தரையில் அழுந்திவிடும். ஓடும் தேரை இழுப்பதைவிட, நிற்கும் தேரைக் கிளப்புவதற்கு மிக அதிக விசை வேண்டும். அது வடத்தின் வேலையே அல்ல, தடியின் வேலை. பின்சக்கரத்தின் அடியில் தடியைக் கொடுத்து, மறுமுனையை ஆட்கள் ஏறி மிதித்து நெம்ப வேண்டும். சக்கரம் அசையும் அந்த நொடியில்தான் முன்னால் இருப்பவர்கள் இழுக்க வேண்டும். தடி விழுவதற்கு முன்பே கூட்டம் வெட்டி இழுத்தால் முழுப் பாரமும் கயிற்றில் இறங்கும்.

அடுத்தது கயிறு. ஈரத்தோடு சுருட்டி வைத்த நார்க்கயிறு உள்ளிருந்து இற்றுப்போகும். வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். புரியை, அதாவது கயிறாக முறுக்கிய இழைகளை, முறுக்கவிழ்த்து உள்ளே பார்க்க வேண்டும். நார் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த வடம் உதவாது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மறுபடி இழுப்பது இன்னும் மோசம். முடிச்சு விழுந்த கயிற்றின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒன்று அறுந்ததும் அதன் பங்கு மற்ற வடங்களின் மேல் ஏறுகிறது. 'அடுத்தடுத்து' அறுவதற்கு இதுதான் கணக்கு. வடம் அறுந்தபின் இரும்புச் சங்கிலி வந்ததே தீர்வு என்று தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் சங்கிலி என்றால் சரி, திருவண்ணாமலையில் அப்படித்தான் இழுக்கிறார்கள். கயிற்றோடு கலந்து கட்டினால் கயிறு நீளும், சங்கிலி நீளாது. பாரம் முழுக்கச் சங்கிலியின் பக்கம் போய்விடும். புதுக்கயிற்றையும் பழங்கயிற்றையும் சேர்த்துக் கட்டினாலும் இதே கோளாறுதான்.

தடி போடுகிறவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை கொடுப்பவர்களைப் பற்றியும் இல்லை. வாகையடி முக்கில் தேர் திரும்புவது அவர்கள் கட்டையை எந்தக் கோணத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கணம் பிசகினால் கை போகும், கால் போகும். பெரிய மனிதர்கள் வடத்தைத் தொட்டு நிற்கும் படம் மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது. பல ஆண்டுகளாக இதைப் பார்த்து மனம் நொந்துதான் இன்று எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 11 பேர் இறந்தபோதும் 'தேர் விபத்து' என்றே எழுதினார்கள். அது பெரிய தேர் அல்ல, அலங்கரித்து இழுக்கும் சிறிய சப்பரம். அதன் அலங்காரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டால் தேரின் உயரம் மாறாது, கலசத்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளிதான் குறையும். புதிய சாலை போட்ட ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. அந்தச் சாவுகளையும் தலைவிதி என்று சொன்னவர்கள் உண்டு. பதினொரு குடும்பங்களிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா ஐயா?

தங்களிடம் கேட்பது சிறியதுதான். 'அபசகுனம்' என்ற சொல்லைத் திருத்தி அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். வரும் ஆனியில், கொடியேற்றத்துக்கு முன்பே ஒரு புகைப்படக்காரரை அனுப்பி, புரி பிரித்த வடத்தை ஒரு படம் எடுத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி டவுன்