அட்டவணையைப் படமாக ஒட்டாதே

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரமாகிறது, இப்போது போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தானே படிக்கிறார். நெல் ரகங்களைப் பற்றி நீ எழுதும் மின்னூலின் வரைவைத்தான் முதலில் கொடுத்தேன். மாப்பிள்ளைச் சம்பா வரைக்கும் விடாமல் படித்துக்கொண்டு வந்தவர், அட்டவணை வந்ததும் "இது மட்டும் ஏன்டா பொடியாவே இருக்கு?" என்று போனை என்னிடம் நீட்டினார்.

எக்செல்லில் போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருக்கிறாய், அதுதான் காரணம். இபப் என்ற மின்னூல் கோப்பு வடிவில் எழுத்து திரைக்கு ஏற்றபடி மடங்கி ஓடும், படத்துக்குள் இருக்கும் எழுத்து ஓடாது, தேடினாலும் அகப்படாது, கண் தெரியாதவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்டால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. எல்லாவற்றையும் நிஜ அட்டவணையாகவே போட்டுவிடு. பெரிய வேலைதான், ஆனால் நீ ஊர் ஊராக அலைந்து சேர்த்த தகவல் முழுக்க அங்கேதானே இருக்கிறது! கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதே, வாசிப்பான் குழம்பிவிடும். வேர்டில் முதல் வரிசைக்கு 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்துவிட்டால் அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனாலும் தலைப்பு கூடவே வரும். அப்புறம், ஏழு நெடுவரிசை உள்ள அட்டவணை 6 அங்குல மின்னூல் ரீடரில் நிற்காது. ரகம், வயது, பட்டம் மூன்றும் போதும், மற்றதைக் கீழே வாக்கியமாக எழுது.

படங்களில் ஓரிடத்தில் 'படம் 4', இன்னோரிடத்தில் 'பட எண்-4' என்று இருக்கிறது, சிலவற்றுக்குத் தலைப்பு மேலே, சிலவற்றுக்குக் கீழே. அட்டவணைக்கு மேலே, படத்துக்குக் கீழே என்று ஒரே முறையாக வைத்துக்கொள். எண்ணைக் கையால் அடிக்காமல் 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாகப் போடு, "படம் 4 பார்க்க" என்று எழுதும் இடத்தில் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வை. நடுவில் ஒரு படம் சேர்ந்தாலும் மொத்தத்தையும் தேர்ந்து எஃப்9 தட்டினால் எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். படத்தின் அகலத்தையும் பிக்சலில் வைக்காதே, எல்லாவற்றுக்கும் 80 சதவீதம் என்றால் போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி நிற்கும். வயல் புகைப்படங்கள் ஜேபெக்கில் இருக்கட்டும், நீ வரைந்த கதிர்ப் படங்கள் மட்டும் பிஎன்ஜி, ஜேபெக்கில் மெல்லிய கோடுகளின் ஓரம் கலங்கிப்போகிறது.

கதிர்ப் படங்களின் மூலக் கோப்பு இருந்தால் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே மாற்றித் தருகிறேன். அம்மா மிச்சப் பக்கங்கள் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்