உன் பெரியம்மா வளவில் வான் நிறுத்த இடமிருக்கிறது

அன்புள்ள மச்சான்,

அடுத்த ஆடியில் வருகிறாய், மூன்று கிழமை நிற்பாய் என்று குரல்பதிவு அனுப்பியிருந்தாய். சந்தோசம். யாழ்ப்பாண ரவுணுக்குள் நல்ல ஹோட்டலாகப் பார்த்து வை, சாரதியோடு ஏசி வான் ஒன்றும் பிடித்து வை என்றாய். இரண்டையும் நான் பார்க்கவில்லை. ஏன் என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து பகிடி விடுவாய், சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உன்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற ஆட்கள் நிறையப் பேர்.

போன முறை நீ வந்தபோது ஒரே நாளில் 11 வீடு போனோம். நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வீடு ஒரு கிளாஸ் சோடா, தட்டில் பிஸ்கற், கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு படம். ஏழாவது வீட்டில் சோடாவைக் குரோட்டன் சட்டிக்குள் ஊற்றினாய். வீட்டுக்காரர் காணவில்லை, நான் கண்டேன். புங்குடுதீவில் உன் பெரியம்மா வீட்டில் 25 நிமிடம். பின்னேரம் ரவுணில் யாரையோ சந்திக்க வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாய். அவர் குசினிக்குள் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிட்டு அவிந்து இறங்கும்போது நாங்கள் வேலணையைத் தாண்டியிருப்போம்.

கோபிக்காதே. உன்னிடம் படித்த ஒரு விஷயத்தைத்தான் உனக்கே திருப்பிச் சொல்லப்போகிறேன்.

ரொறன்ரோவில் ஆர்வி, அதுதான் படுக்கையும் குசினியும் உள்ளேயே இருக்கிற வண்டி, ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒட்டாவா, மொன்றியல் என்று எங்கள் வகுப்புப் பொடியள் வீடெல்லாம் போனாயே, நினைவிருக்கிறதா? ஆர்வி நிறுத்தும் தளங்களில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் இணைப்பு இருக்கும், ஆனால் நாங்கள் அங்கே போகவில்லை, நம்மடை ஆட்களின் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுத்தோம் என்றாய். "அவனவன் வீட்டிலை ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை மச்சான். விடியக் கோப்பியோடை கதவைத் தட்டுறாங்கள்" என்றாய். அந்தக் கடைசி வசனம் எனக்குள் கிடந்தது.

என்னிடம் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பழைய டொல்பின் வான். 2022 இல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது பெற்றோல் செட் வாசலில் இரண்டு இரவு கிடந்தேன். பின் சீற்றுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒரு பாயோடு போயிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, உயரக் கூரை வண்டியாகையால் உள்ளே குனிந்து நடக்கலாம், காலை நீட்டியும் படுக்கலாம். பிறகு பிள்ளைகளை ஏற்றும் தொழிலை மருமகனிடம் விட்டேன். வான் என்னோடு நின்றுவிட்டது. விற்றிருந்தால் நல்ல காசு வந்திருக்கும். 2020 இலிருந்து வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம், பழைய வான்களுக்கு இருந்த விலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

தச்சரைப் பிடித்து ஒட்டுப்பலகையில் கட்டில் அடித்தோம். கட்டிலுக்குக் கீழே மூன்று லாச்சி. 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு. 5 கிலோ காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு. சமையல் எப்போதும் வெளியே, பின்கதவைத் தூக்கி அதன் நிழலில். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிக்கிற விளையாட்டு வேண்டாம். கூரையில் சூரியத் தகடு ஒன்று, அதிலிருந்து தனியாக ஒரு பற்றரி. எஞ்சின் பற்றரியில் மின்விசிறியைப் போட்டால் விடிய வண்டியைத் தள்ளித்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். முதலில் வாங்கிய பற்றரி நாலு மாதத்தில் செத்தது. கடையின் பெயர் வேண்டாம், கடைக்காரர் இன்னமும் எனக்குக் கை காட்டுகிறார். 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதை அந்தக் காசைத் தொலைத்துத்தான் படித்தேன். 12 வோல்ற் பற்றரியில் பாதி என்றால் 600 வாற்று மணி. 30 வாற்று விசிறி எட்டு மணித்தியாலம் ஓட 240 போகும். மிச்சத்தில் இரண்டு பல்பும் கைத்தொலைபேசியும். எங்களுக்கு அது காணும்.

இதையெல்லாம் ஏன் விபரமாகச் சொல்கிறேன் என்றால், போகிற வீட்டில் வயர் இழுக்கக் கூடாது என்பது என் கொள்கை. விருந்துக்குப் போன இடத்தில் மீற்றரைச் சுத்த விடுவது அழகில்லை. சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. வாளியில் பிடித்து வாழையடிக்கு ஊற்றுகிறோம். கக்கூஸ் மட்டும் அவர்களுடையது. அதற்கு வெட்கப்பட்டால் பயணம் போக முடியாது.

வண்டியை நிறுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. பக்கக் கதவு தெற்கே பார்த்து நின்றால் விசிறியே தேவையில்லை. வடக்கே பார்த்து நிறுத்தினாயோ, இரவு முழுக்க அவிந்து போவாய்.

முதல் பயணம் கரவெட்டிக்கு. எங்களோடு இரசாயனவியல் படித்தவன், பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். முற்றத்தில் வானை விட்டுவிட்டு இங்கேதான் படுக்கப்போகிறோம் என்றதும் அவன் முகம் கறுத்துவிட்டது. "மூண்டு அறை வெறுமையாக் கிடக்கு, நீ முத்தத்திலை படுக்கப் போறியோ? நாங்கள் என்ன செய்துபோட்டம் உனக்கு?" என்றான். ஒரு மாதிரிச் சமாதானப்படுத்தினோம். விடிந்தால் ஒழுங்கையெல்லாம் வேறு கதை. இரவு சண்டையாம், எங்களை வீட்டுக்குள் விடவில்லையாம், காணிப் பிரச்சினையாம். பக்கத்து வீட்டு அம்மா சமரசம் பேசவே வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதல் வேலையாக அயலட்டைக்கு வானைத் திறந்து காட்டிவிடுகிறோம். பிள்ளைகள் ஏறி இறங்கி லாச்சியெல்லாம் இழுத்துப் பார்த்த பிறகு ஒருவரும் கதை கட்டுவதில்லை.

தனியாகக் கடற்கரையில் நிறுத்திப் பார்த்ததும் உண்டு, மணற்காட்டில். இரவு பதினொரு மணிக்குச் சீருடைக்காரர் இரண்டு பேர் ரோச் அடித்து எழுப்பி அடையாள அட்டை கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. தெரிந்தவர் வளவுதான் நமக்குச் சரி.

வீட்டுக்காரிக்கு முதலில் இந்த யோசனையே பிடிக்கவில்லை. "திரும்பவும் வாகனத்துக்குள்ளையோ படுக்கிறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததில் நீயும் நானும் இருந்தோம். உன் சைக்கிளில் அரிசி மூட்டை, என் சைக்கிளில் தையல் மெசின். தென்மராட்சியில் ஒரு வளவில் றக்டர் பெட்டிக்குள் எத்தனை பேர் படுத்தோம்? உன் அம்மா, என் அம்மா, பிள்ளைகள், உன் பெரியம்மா. பெரியம்மாவுக்கு அது இரண்டாம் இடப்பெயர்வு. 1991 இல் தீவை விட்டு வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர். பெட்டிக்குள் இடம் காணாமல் அவர் இருந்தபடியே நித்திரை கொண்டதை நான் மறக்கவில்லை. வளவுக்காரர் யாரென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. விடியக் காலையில் ஒரு பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரி ஒரு மாதம் கழித்து, தானே போய்த் திரைச்சீலைக்குத் துணி வாங்கி வந்தாள். அவ்வளவுதான், அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இப்போது ஓடித் திரிகிறோம். சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி போய் மன்னார் வரைக்கும் ஒரு தரம். ஆனையிறவு தாண்டி, பரந்தனில் திரும்பி விசுவமடுவுக்கு இரண்டு தரம், மச்சாள் வீட்டுக்கு. அந்தப் பக்கம் இரவில் காட்டோரம் நிறுத்துவதில்லை, யானைக்கு நெல்லும் உப்பும் வாசம் பிடிக்கும். நெடுந்தீவுக்குப் போனபோது வானைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் படகேறினோம். போகாத வழியில்லை என்று சொல்லமாட்டேன். சில ஒழுங்கைகளுக்குள் மாமரக் கொப்பும் தாழ்ந்த மின்வயரும் கூரையைத் தொடும். அங்கே வீட்டுக்காரி இறங்கி முன்னால் நடப்பாள், நான் பின்னால் உருட்டுவேன், ஊரே படலைக்கு வந்து நிற்கும்.

சரி, உன் பெரியம்மாவுக்கு வருகிறேன்.

வைகாசியில் புங்குடுதீவில் அவர் வளவில் மூன்று இரவு நின்றோம். வீடு உனக்குத் தெரிந்த அதே வீடு. நாலு அறையில் மூன்று பூட்டு. உள்ளே உங்கள் எல்லோருடைய பெட்டிகளும் புத்தகங்களும். அவர் வாழ்வது குசினியிலும் விறாந்தையிலும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் மெல்லச் சொன்னாள்: வெளிநாட்டிலிருந்து யாரும் வருகிறார்கள் என்றால் ஆச்சி இரண்டு நாளுக்கு முன்பே அறையைத் திறந்து ஒட்டறை அடித்து, விரிப்புத் தோய்த்து, மெத்தையை இழுத்து வெயிலில் போடுவார். தோய்க்கிற தண்ணீரும் சும்மா வருவதில்லை. அங்கே கிணறு உவர். நல்ல தண்ணீர் பவுசரில் வரவேண்டும். வந்தவர்கள் அறைக்குள் எட்டியும் பார்க்காமல் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆச்சி நாரிப்பிடிப்போடு படுக்கை.

உங்களுக்குக் கரைச்சல் தரக் கூடாது, அதுதான் ஹோட்டலில் நிற்கிறேன் என்று நீ சொன்னாய் அல்லவா? நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் கரைச்சல் தராமல் இருக்க அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போவது ஒன்றுதான் வழியா?

அன்று பின்னேரம் அவரும் கரவெட்டிக்காரன் மாதிரியே முகத்தைத் திருப்பினார். "உள்ளை கட்டில் கிடக்கு" என்றார். வீட்டுக்காரி வான் கதவைத் திறந்து, "பெரியம்மா, இண்டைக்கு நீங்கள் எங்கடை வீட்டுக்கு வாங்கோ" என்றாள். படி உயரம் என்பதால் ஒரு முக்காலி போட்டோம். ஏறி, கட்டில் நுனியில் இருந்து, ஒவ்வொரு லாச்சியாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். திரைச்சீலையின் தையலைத் திருப்பிப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிப் பனங்கட்டி கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் காணாது" என்றார். இரண்டாவது கிளாஸும் கேட்டார்.

இரவு பத்து மணிவரைக்கும் இறங்கவில்லை. அன்று அவர் அடுப்பு மூட்டவில்லை. வீட்டுக்காரி அவித்த இடியப்பத்துக்குச் சொதியில் புளி கூட என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். உன் அம்மாவின் கலியாணத்தன்று தீவில் பெய்த மழை, றக்டர் பெட்டிக்குள் உன் காலில் பூரான் கடித்தது, எல்லாம் வந்தது. உன் காலில் பூரான் கடித்தது எனக்கே மறந்துபோயிருந்தது. நாலாம் நாள் நாங்கள் கிளம்பும்போது, "அவனும் இப்பிடி ஒண்டிலை வந்தால் நல்லம். ஆனால் அவன் குளிரூட்டி இல்லாமல் படுக்கமாட்டான்" என்றார். அதை உனக்குச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன்.

ஆகவே மச்சான், ஹோட்டல் பார்க்கவில்லை. நல்லூர்த் திருவிழா தொடங்கினால் ரவுணுக்குள் அறை கிடைப்பதும் பாடு, அது வேறு. வான் ரெடி. நாங்கள் இருவரும் வரவில்லை, நீயும் உன் மனிசியும் போங்கள். கியர் வண்டி என்பதை மறந்துவிடாதே, வருவதற்கு முன் அங்கே யாருடையதையாவது வாங்கி ஓட்டிப் பழகு. அனுமதிப் பத்திர அலுவலை வந்த அன்றே முடித்துவிடலாம். 11 வீடு வேண்டாம். மூன்று போதும், முதலாவது புங்குடுதீவு. வளவில் வேப்பமரத்துக்குக் கீழே இடமிருக்கிறது, தெற்கே பார்த்து நிறுத்து. தண்ணீர்க் கான் இரண்டையும் ரவுணிலேயே நிரப்பிக்கொண்டு போ. சாயம் கூடப் போடு.

நீ வருகிற நாளைப் பெரியம்மாவுக்கு நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. சொன்னால் இன்றைக்கே மெத்தையை இழுத்து வெயிலில் போட்டுவிடுவார்.

அன்புடன்,
உன் மச்சான்