புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வுகள் நெல்லைக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு வந்திருக்கும் மருந்துகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்தின் பெயர், விலை, பக்கவிளைவு எல்லாம் இருந்தன. அந்த மருந்துகள் வேலை செய்யும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யார் முன்வந்ததால் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் இல்லை. நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்து ஆண்கள் பயந்து பின்வாங்குவது சரியாக அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் கணவர் அம்பாசமுத்திரம் பக்கம் வாழை போடுகிறவர். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே காலத்தைக் கடத்திவிட்டார். நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். வெளியூர் மருத்துவமனை ஒன்றில், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியோடு (ஹார்மோன் ஊசி என்பார்கள்) இன்னொரு மருந்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். பல பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றதோடு சரி, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அத்தான் என்னிடம், "எம்மா, என்னைய வச்சு மருந்தச் சோதிச்சுப் பாக்கப் போறாவளோ?" என்றார். கடைசியில் சேரவில்லை. சேராமல் இருப்பது அவருடைய உரிமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு மனிதரை அனுப்பியது நியாயமே இல்லை.

பதில் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தால் பாதிப் பேருக்கு வைத்தியமே பார்க்காமல் வெறும் மாத்திரையைக் கொடுத்து விட்டுவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே பலன் தரும் சிகிச்சை இருந்தால் அது இரண்டு பிரிவினருக்கும் உண்டு. புதியது அதற்கு மேல் ஒரு பிரிவுக்குச் சேர்க்கப்படும். யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினி குலுக்கிப் போடும், மருத்துவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் 2005-ல் தொடங்கிய ஸ்டாம்பீட் ஆய்வில் கிட்டத்தட்ட 12,000 ஆண்கள் சேர்ந்தார்கள். அடிப்படை ஹார்மோன் சிகிச்சை பெறும் ஒரு பிரிவை வைத்துக்கொண்டு, பல சிகிச்சைகளை ஒரே நேரத்தில் அதோடு ஒப்பிட்டார்கள். பலன் தராதவற்றை நடுவிலேயே நிறுத்தினார்கள், புதியவற்றைச் சேர்த்தார்கள். கீமோ மருந்தான டோசிடாக்செலையும் அபிராட்டிரோன் மாத்திரையையும் ஹார்மோன் சிகிச்சையின் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்பது அதில் உறுதியானது.

டோசிடாக்செல் அப்போது ஒன்றும் புது மருந்து இல்லை. ஹார்மோன் ஊசி பலன் தராமல் போன பிறகு கடைசிக் கட்டத்தில் கொடுத்து வந்ததுதான். 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 790 ஆண்களைப் பார்த்தார்கள். ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 44 மாதம். ஆரம்பத்திலேயே டோசிடாக்செலும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 57.6 மாதம். கொடுக்கும் நேரத்தை மாற்றியதில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடைத்தது. அந்த 790 பேரும் அத்தானைப் போலவே பயந்து வீட்டுக்குப் போயிருந்தால் இன்று நம் மருத்துவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

தோற்றுப்போன ஆய்வுகளும் எனக்கு அதே அளவு முக்கியம். வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் அமெரிக்காவில் பார்த்தார்கள். தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011-ல் தெரிந்தது. வெறும் வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்று யாருமே நினைத்திருப்போம். இங்கே பக்கவிளைவே கிடையாது என்று சொல்லிப் பொடியும் லேகியமும் விற்கிறவர்களிடம், எத்தனை பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆய்வு என்றால் மட்டும் பயம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதைப் பெரும்பாலும் பணம் போடுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். அபிராட்டிரோனையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 1,000 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேர்கிறது. அப்படியானால் ஒரே மாத்திரையைக் காலை உணவோடு கொடுத்தால் போதாதா? அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் சில மருத்துவர்கள் 72 நோயாளிகளிடம் இதைப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு, ஒரு மாத்திரை, நான்கு மாத்திரை என்ற இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. மருந்துச் செலவு நாலில் ஒரு பங்காகும் என்பது பீடி சுற்றியும் வயல் வேலை பார்த்தும் பிழைக்கிற குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 72 பேர் போதாது. பி.எஸ்.ஏ. குறைவது ஒன்று, ஆயுள் நீள்வது வேறு. பெரிய எண்ணிக்கையில் வருஷக்கணக்கில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். குறைவாக விற்கும் வழியைத் தேட எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? அரசுதான் போட வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் மிச்சமாவதும் அரசின் பணம்தானே.

(இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்கவோ, நான்கையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கவோ வேண்டாம். இரண்டாவது மிகவும் ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள்.)

நம் நாட்டில் இப்படிச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், பரவும் அபாயம் அதிகமுள்ள 224 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. புரோஸ்டேட்டுக்கு மட்டும் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதா, இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்து வைப்பதா என்பதே கேள்வி. 5 வருஷத்தில் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் நோய் அடங்கி இருந்தவர்கள் முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாவதில் 95 சதவீதம். 2021-ல் வந்த இந்த முடிவை உலகமே எடுத்துப் பேசுகிறது.

ஆகவே நெல்லை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளம் ஆகிய மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து, குறைந்த அளவு மருந்து போன்ற நம் கேள்விகளை ஆராய அரசு வழி செய்ய வேண்டும். புற்றுநோய் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கும் சென்னை அடையாறுக்கும் போய் வருகிறவர்களுக்கு அடிக்கடி சோதனைக்கு வரச் சொல்லும் ஆய்வு எட்டாக்கனிதான். நோயாளி மட்டும் போவதில்லை, கூட ஒரு மகனோ மருமகனோ வேலையை விட்டுவிட்டுப் போகிறார். பஸ் செலவும் அவருடைய அன்றைய கூலியும் ஆய்வின் செலவிலேயே சேர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நோயாளியோடு உட்கார்ந்து, நம் ஊர்ப் பேச்சில் பொறுமையாக விளக்க ஒரு செவிலியரைப் போடட்டும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், குடும்பத்தோடு பேசி, அப்புறம் வந்து சொல்ல நாள் கொடுக்கட்டும்.

சட்டம் நோயாளி பக்கம் இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வைத் தொடங்க முடியாது. ஆய்வால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். எந்த ஆய்வு எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பில் நடக்கிறது என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்தப் பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், அதில் தேடுவது எப்படி என்று அடுத்து வரும் இதழ் ஒன்றில் படத்தோடு விளக்கி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை