அம்மாவின் கையெழுத்துக்குக் காத்திருந்த அண்ணனுக்கு

எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவின் பெயர் வாக்காளர் இறுதிப் பட்டியலில் வந்துவிட்டது. பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரிபார்த்தாயிற்று. அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டார். 2025 டிசம்பர் 19 அன்று அம்மா பெயர் இல்லாமல் வரைவுப் பட்டியல் வெளியானதிலிருந்து எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் போயின, அதில் ஒன்று எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்த மடல் அதற்காகத்தான்.

முதல் நன்றி தி.மு.க.வின் பூத் ஏஜென்ட் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. எங்கள் வீடு இரட்டை இலை வீடு என்பது இந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா இருந்தவரை வாசல் சுவரில் வேறு சின்னம் ஏறியதே இல்லை. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கும் இந்தச் சிறப்புத் தீவிரத் திருத்தம் கூடாது என்று அவர் கட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது; எங்கள் கட்சி வேண்டும் என்று நின்றது. இவ்வளவும் தெரிந்துதான் அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

படிவம் 6-ஐ நிரப்புவது பெரிய வேலை இல்லை. இதற்கு முன் தீவிரத் திருத்தம் நடந்த காலத்துப் பழைய பட்டியலில் பெயரைத் தேடுவதுதான் பெரும்பாடு. அப்போது அம்மா புதுக்கோட்டைப் பக்கம் இருந்தார். "எந்தப் பள்ளிக்கூடத்துல போய் ஓட்டுப் போடுவீங்கம்மா?" என்று கேட்டுக் கேட்டு, செல்போனில் பக்கம் பக்கமாகத் தள்ளி, அப்பா பெயருக்குக் கீழே அம்மா பெயரைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம். கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு இப்போது கை நடுக்கம். கைநாட்டு வைத்துவிடலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து அம்மா மடியில் வைத்து, "அவசரமில்லம்மா, இதுல நாலு தடவை எழுதிப் பாருங்க" என்றார். அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது 1990-களில், அறிவொளி இயக்கம் நடந்தபோது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், என்னைப் பக்கத்தில் தூங்கவைத்துவிட்டுக் கற்றுக்கொண்டவர். அண்ணனுக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்குக் கைநாட்டு வைப்பதில் மனசில்லை என்பது மட்டும் அவருக்கு எப்படியோ புரிந்திருக்கிறது. செய்தித்தாளின் ஓரமெல்லாம் நிறைந்தது. கட்சி ஆட்கள் அவரைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

போட்டு முடித்ததும் அம்மா, "தம்பி, நான் இலைக்குத்தான் போடுவேன், பார்த்துக்க" என்றார். "போடுங்கம்மா. பேர் இருந்தாத்தானே போட முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் பாகத்தின் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஆன அங்கன்வாடி அக்கா, தம் வேலையும் பார்த்துக்கொண்டு படி ஏறி இறங்கியவர். காசு வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர். விசாரணைக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் காத்திருந்த எதிர்வீட்டுத் தம்பி. எங்கள் கட்சி முகவர். சாப்பாடு கொடுத்தனுப்பிய மாடி வீட்டு மாமி. எல்லோருக்கும் நன்றி.

இந்த நாட்களில் ஒன்றைப் பற்றி நிறைய யோசித்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்திலேயே குறைவாக வாக்குப் பதிவானது நம் வேளச்சேரியில்தான், சுமார் 56 சதவீதம். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44-ஐக்கூடத் தொடவில்லை. 2024-இல் தருமபுரி 81 சதவீதம் போட்டபோது தென்சென்னை 54-இல் நின்றது. சென்னைக்காரர்கள் சோம்பேறிகள் என்று ஒவ்வொரு முறையும் திட்டு வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் இறந்தவர்களும் வீடு மாறிப் போனவர்களும் இருந்தார்கள், அவர்கள் எப்படி வருவார்கள் என்று நானே வாதாடியிருக்கிறேன். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இப்போது சென்னையில் மட்டும் 14 லட்சம் பெயர்களை எடுத்த பிறகு அந்தப் பதில் செல்லாது. இருக்கிற பெயர்கள், இருக்கிற மனிதர்களுடையவை.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற தேர்தல் அன்று காலையில் அம்மாவைக் கூட்டிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, நம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவேன். சூரியன் வீடு, இலை வீடு, தாமரை வீடு, எதுவும் பிடிக்காத வீடு எல்லாம்தான். யாருக்கு என்று கேட்க மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறேன். யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவுக்காவது வந்து போடுங்கள்.

இன்னும் பெயர் வராதவர்கள் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் வேண்டும். பழைய பட்டியலில் தேட நான் வந்து உட்காருகிறேன். முடியாமல் போனால் அண்ணனையும் கூப்பிடலாம், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.